சிஜிஎம் கருவியைப் பழகும் முதல் வாரங்கள்

விரல் நுனியைக் குத்திப் பார்க்கும் சோதனை, குத்திய அந்த நொடியின் சர்க்கரை அளவை மட்டுமே சொல்கிறது. விடியற்காலையில் 110 என்று காட்டும் மீட்டருக்கு, இரண்டு மணி நேரத்துக்கு முன் அதே உடலில் அளவு 60க்கு இறங்கியிருந்தது தெரியாது. அடுத்த அரை மணியில் 180ஐத் தாண்டப்போவதும் தெரியாது. தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவி, அதாவது சிஜிஎம், இந்த இடைவெளிகளை நிரப்பவே வந்தது. தோலில் ஒட்டியிருக்கும் சென்சார் நிமிடத்துக்கு ஒருமுறையோ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையோ அளந்து, கைபேசிக்கோ அதற்கென்றே உள்ள சிறு திரைக்கோ அனுப்புகிறது. ஐந்து நிமிடக் கணக்கில் பார்த்தால்கூட ஒரு நாளைக்கு 288 எண்கள் வந்து சேரும். 1999இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த முதல் கருவி, மூன்று நாள் பதிவை மருத்துவர் பின்னர் எடுத்துப் படிப்பதற்காக அமைந்திருந்தது. அணிந்தவரால் எண்களை அப்போதே பார்க்க முடியவில்லை. இன்று ஒவ்வோர் எண்ணும் அணிந்திருப்பவரின் கண்முன்னே வந்து நிற்கிறது. எந்த எண்ணுக்கு உடனே செயல்பட வேண்டும், எதைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டும் என்று பிரித்தறியப் பழகுவதே இந்தக் கருவியைக் கற்பதில் பெரும்பகுதி என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கே வரும் அளவுகள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் உள்ளவை. உங்கள் கருவி மில்லிமோல் கணக்கில் காட்டினால், இங்குள்ள எண்ணை 18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். மருந்தின் அளவை மாற்றுவது உங்கள் மருத்துவருடன் பேசி முடிவெடுக்க வேண்டிய செய்தி. கருவி காட்டுவதைப் புரிந்துகொண்டு அந்தப் பேச்சுக்கு ஆயத்தமாக இந்த வழிகாட்டி உதவும்.

கருவி அளப்பது இரத்தத்தை அல்ல

சென்சாரின் அடியில் முடிபோன்ற மெல்லிய இழை ஒன்று தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும். பெரும்பாலான சென்சார்களில் அந்த இழையின் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி பூசப்பட்டிருக்கும். நொதி குளுக்கோஸுடன் வினைபுரியும்போது மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. அதன் அளவைத்தான் கருவி சர்க்கரை எண்ணாக மாற்றித் தருகிறது. அந்த இழை நனைந்திருப்பது இரத்தத்தில் அன்று, உயிரணுக்களுக்கு இடையே உள்ள திசுநீரில். இரத்தத்திலிருந்து குளுக்கோஸ் திசுநீருக்குக் கசிந்து வரச் சற்று நேரம் பிடிக்கும். மழை கொட்டினாலும் கிணற்றில் நீர்மட்டம் உயரச் சிறிது காலம் ஆவதைப்போல, இரத்தத்தில் நடந்த மாற்றம் சென்சாரில் தெரிவதற்கு ஏறக்குறைய ஐந்து முதல் பத்து நிமிடம் வரை ஆகலாம். சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகும்.

சர்க்கரை அளவு நிலையாக இருக்கும்போது இந்தத் தாமதம் பொருட்டே அல்ல. சாப்பிட்ட பின் ஏறும்போதும், உடற்பயிற்சியின்போது இறங்கும்போதும், தாழ்சர்க்கரைக்குக் குளுக்கோஸ் எடுத்துக்கொண்ட பிறகும்தான் அது தெரிய வரும். அந்த நேரங்களில் விரல் சோதனையையும் சென்சாரையும் ஒப்பிட்டுவிட்டுக் கருவி பழுது என்று முடிவு கட்டுவது அவசரம். ஒப்பிட விரும்பினால் உணவுக்கு முன், அளவின் போக்கைத் திரையில் காட்டும் அம்புக்குறி கிடையாக, அதாவது அளவு நிலையாக இருக்கும் வேளையில், கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு ஒப்பிடுங்கள். மீட்டர் அளவு 80க்கு மேல் இருந்தால் 20 விழுக்காடும், 80க்குக் கீழே இருந்தால் 20 புள்ளிகளும் வேறுபடுவது ஏற்கத்தக்கது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு வரையறை. அதாவது மீட்டர் 200 காட்டும்போது சென்சார் 165 காட்டினால், இரண்டும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்கின்றன. மீட்டரும் பிழையற்றது அன்று: ஐஎஸ்ஓ 15197 என்ற பன்னாட்டுத் தரம் வீட்டு மீட்டர்களுக்கே 100க்கு மேல் 15 விழுக்காடு வரை விலகலை அனுமதிக்கிறது.

பொருத்துவதற்கு முன்னும் பின்னும்

எந்த இடத்தில் ஒட்டலாம் என்பது கருவிக்குக் கருவி மாறும். மேற்கையின் பின்புறமும் வயிறும் வழக்கமானவை. உற்பத்தியாளர் சோதித்து ஒப்புதல் பெற்ற இடத்தைவிட்டு வேறிடத்தில் ஒட்டினால் அளவின் துல்லியத்துக்கு எந்த உறுதியும் இல்லை. தழும்பு, பச்சை குத்திய இடம், மச்சம், இன்சுலின் போட்டுப் போட்டுத் தடித்துப்போன இடம், இடுப்புப் பட்டை உராயும் இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். இன்சுலின் போடும் இடத்திலிருந்து சில அங்குலமாவது தள்ளியிருப்பது நல்லது. எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குகிறீர்கள் என்பதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அதன் காரணம் பின்னால் வரும்.

தோலை மணமற்ற, ஈரப்பசைப் பொருள் சேராத சோப்பால் கழுவி, ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, முழுவதும் உலரும்வரை காத்திருக்க வேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டிய சென்சார் இரண்டாம் நாளே விளிம்பு தூக்கத் தொடங்குவது இந்தக் காத்திருப்பைத் தவறவிட்டதனால்தான். எண்ணெய், களிம்பு எதையும் அந்த இடத்தில் தடவக் கூடாது. ஒட்டிய பின் விளிம்பைச் சுற்றிலும் விரலால் அழுத்திவிடுங்கள். சிலருக்கு ஒட்டுப்பசையால் அரிப்பும் சிவப்பும் வரும். அப்படி வந்தால் மருத்துவரிடம் கேட்டுத் தோல் காப்புப் படலம் ஒன்றைப் பயன்படுத்திப் பார்க்கலாம். அடுத்த சென்சாரைப் பழைய இடத்திலேயே ஒட்டாமல் மறு கைக்கோ மறு பக்கத்துக்கோ மாற்ற வேண்டும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் கவனம் செலுத்துவதில்லை. பொருத்தியவுடன் கருவி தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ள அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். அதுவரை எண்ணும் வராது, எச்சரிக்கையும் ஒலிக்காது. முதல் 24 மணி நேரத்தில் அளவுகள் சற்றுத் தடுமாறவும் செய்யும், ஏனெனில் இழை நுழைந்த இடத்தில் திசு இன்னும் ஆறவில்லை. ஆகவே படுக்கப் போகும் நேரத்தில் சென்சார் மாற்றுவதைத் தவிருங்கள். வேறு அவசரம் இல்லாத ஒரு பகற்பொழுதே அதற்கு ஏற்றது. சென்சார் வந்த பெட்டியை அதன் ஆயுள் முடியும்வரை எறிய வேண்டாம்; நடுவில் செயலிழந்தால் மாற்றுக் கேட்க அதில் உள்ள வரிசை எண் தேவைப்படும்.

எண்ணோடு அம்பையும் படித்தல்

திரையில் மூன்று செய்திகள் இருக்கும்: இப்போதைய எண், அதன் அருகே ஓர் அம்பு, கடந்த சில மணி நேரத்தின் கோடு. புதிதாகப் பயன்படுத்துவோரின் கண் எண்ணிலேயே நிற்கும். அம்பைப் படிக்கப் பழகும் நாளிலிருந்துதான் கருவியின் உண்மையான பயன் தொடங்குகிறது.

பல கருவிகளில் கிடையான அம்பு, நிமிடத்துக்கு ஒரு புள்ளிக்கும் குறைவான மாற்றத்தைக் குறிக்கும். சாய்ந்த அம்பு நிமிடத்துக்கு ஒன்று முதல் இரண்டு புள்ளி வரை. நேர் மேலே அல்லது நேர் கீழே காட்டும் அம்பு இரண்டு புள்ளிக்கு மேல். இரட்டை அம்பு காட்டும் கருவிகளில் அது மூன்றுக்கும் மேற்பட்ட வேகம். உங்கள் கருவியின் கையேட்டில் இதைச் சரிபார்த்துக்கொண்டு, அரை மணிக் கணக்காக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: சாய்ந்த அம்பு நீடித்தால் அரை மணியில் 30 முதல் 60 புள்ளி, நேர் அம்பு நீடித்தால் 60க்கு மேல்.

திரையில் 110 என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். அம்பு கிடையாக இருந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதே 110க்குப் பக்கத்தில் நேர் கீழான அம்பு இருந்தால் அரை மணிக்குள் அளவு 50க்குக் கீழே போய்விடக்கூடும். வண்டி ஓட்டக் கிளம்புபவர் கிளம்பக் கூடாது, தூங்கப் போகிறவர் படுக்கக் கூடாது. அதே 110 மேல்நோக்கிய அம்புடன் இருந்தால், சற்றுமுன் உண்டது இப்போதுதான் இரத்தத்தில் சேர்கிறது என்று பொருள். எண் மாறவே இல்லை. செய்ய வேண்டியது மட்டும் மூன்று விதமாக மாறிவிட்டது.

இன்சுலின் எடுப்பவர்கள் இந்த இடத்தில் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். விரைவாகச் செயல்படும் இன்சுலின், போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சத்தை அடைந்து, மூன்று முதல் ஐந்து மணி நேரம் வரை உடலில் வேலை செய்துகொண்டிருக்கும். உணவுக்குப் பின் ஒரு மணி நேரத்தில் 220 என்றும் மேல் அம்பு என்றும் பார்த்ததும் மனம் பதறிக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக்கொள்வது, பிறகு 210 என்று கண்டு மீண்டும் போடுவது, அதன் பின் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து சர்க்கரையைக் கீழே தள்ளுவது ஆகியவை கருவி அணியத் தொடங்கியவர்களிடம் அடிக்கடி நேரும் ஆபத்து. விரல் சோதனை மட்டும் இருந்த காலத்தில் அந்த 220 கண்ணில் பட்டிருக்காது. போட்ட மருந்துக்கு அதன் நேரத்தைக் கொடுங்கள். திருத்தும் ஊசிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை ஒலிகளை அமைத்தல்

தாழ்சர்க்கரை எச்சரிக்கை பொதுவாக 70இல் தொடங்கும். சர்க்கரை இறங்கும்போது வியர்வை, நடுக்கம், படபடப்பு போன்ற அறிகுறிகள் தெரியாமல் போய்விட்டவர்கள், தனியாக வசிப்பவர்கள், முதியவர்கள் ஆகியோர் அதை 80க்கு உயர்த்துவது பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். பல கருவிகளில் 55ஐ ஒட்டி ஓர் அவசர எச்சரிக்கை உண்டு. அதன் அளவை மாற்ற முடியாதபடியே வைத்திருப்பார்கள்.

உயர்சர்க்கரை எச்சரிக்கையின் எல்லையை மிகத் தாழ்வாக வைக்கும் தவறைப் பெரும்பாலோர் செய்கிறார்கள். முதல் நாளே 180 என்று வைத்துவிட்டு, ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் ஒலி கேட்டு அலுத்து, ஒரு வாரத்தில் எல்லா ஒலிகளையும் அணைத்துவிடுகிறார்கள். அத்துடன் தாழ்சர்க்கரை ஒலியும் போய்விடுகிறது. தொடக்கத்தில் 250 அல்லது அதற்கு மேலாகவே வைத்து, அளவுகள் சீர்ப்பட்ட பிறகு மெல்லக் குறைத்துக்கொண்டு வருவதே நிலைக்கக்கூடிய வழி. ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் எழுந்து ஏதேனும் செய்ய வேண்டியிருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் அந்த எல்லை தவறான இடத்தில் இருக்கிறது.

கைபேசியின் அமைப்புகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தொந்தரவு செய்யாதே என்ற நிலை, மின்கலச் சேமிப்பு, பின்னணியில் செயலிகளை நிறுத்திவிடும் வசதி ஆகியவை எச்சரிக்கையைச் சத்தமில்லாமல் அடக்கிவிடக்கூடும். சென்சாருக்கும் கைபேசிக்கும் நடுவே சில மீட்டர்தான் தொடர்பு எட்டும் என்பதால் கைபேசியை வேறு அறையில் விட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. இயங்குதளத்தைப் புதுப்பித்த அன்று செயலி ஒழுங்காக ஒலிக்கிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும்.

தாழ்சர்க்கரை நேரத்தில்

அளவு 70க்குக் கீழே இறங்கினால், விழுங்க முடிகிற நிலையில் இருப்பவர் 15 கிராம் அளவுக்கு விரைவாகச் செரிக்கும் சர்க்கரையை, அதாவது குளுக்கோஸ் மாத்திரையோ பழச்சாறோ சர்க்கரைக் கரைசலோ எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் காத்திருந்து மீண்டும் பார்க்க வேண்டும். திசுநீரின் தாமதம் இங்கேதான் மிகவும் தொல்லை தரும்: இரத்தத்தில் அளவு 85க்கு ஏறிய பின்னும் திரை 62 என்றே காட்டிக்கொண்டிருக்கும், அச்சத்தில் மேலும் மேலும் உண்டு இரண்டு மணி நேரம் கழித்து 280இல் போய் நிற்பவர்கள் பலர். ஆகவே சிகிச்சைக்குப் பிந்தைய 15ஆம் நிமிடச் சோதனையை விரல் நுனியில் செய்யுங்கள். 54க்குக் கீழே போனது என்றால், அது எந்தக் காரணத்தால் என்றாலும், மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டிய நிகழ்வு. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சர்க்கரை அளவை விரைவாக உயர்த்தும் குளுக்ககான் மருந்து கையில் இருந்தால் கொடுத்து, அவசர உதவியை அழைக்க வேண்டும். இதை வீட்டில் உள்ளவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

உடல் ஒன்றைச் சொல்லித் திரை வேறொன்றைச் சொன்னால் உடலை நம்புங்கள், விரல் சோதனை செய்து உறுதிப்படுத்துங்கள். எண் இருந்து அம்பு இல்லாதபோதும் விரல் சோதனையே வழி. சிஜிஎம் வந்துவிட்டது என்று மீட்டரையும் அதன் சோதனைப் பட்டைகளையும் தூக்கி உள்ளே வைத்துவிடக் கூடாது.

கருவி தவறாகக் காட்டும் வேளைகள்

நள்ளிரவில் அளவு திடீரென 50க்குச் சரிந்து, புரண்டு படுத்ததும் ஏதும் உண்ணாமலேயே பழைய இடத்துக்குத் திரும்பினால், அது பெரும்பாலும் அழுத்தத்தால் வந்த போலித் தாழ்வு. சென்சாரின் மேல் உடலின் எடை விழும்போது அதைச் சுற்றியுள்ள திசுநீரின் ஓட்டம் குறைகிறது. இழை அதைக் குளுக்கோஸ் குறைவு என்று படிக்கிறது. தூங்கும் பக்கத்தை எண்ணிப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். ஆனாலும், ஒலி கேட்டவுடன் இதுவும் போலி என்று தள்ளிவிட்டுத் தூங்கிவிடாமல், சோதித்து உறுதி செய்வதே பாதுகாப்பு.

சில மருந்துகளும் அளவைக் குழப்பும். சில சென்சார்களில் வைட்டமின் சி மாத்திரைகள் அதிக அளவில் உட்கொண்டால் உண்மையைவிட உயர்ந்த எண் வரும். வேறு சிலவற்றில், குறிப்பாகப் பழைய வகைகளில், பாராசிட்டமால் அதே விளைவைத் தரும். ஹைட்ராக்ஸியூரியா என்னும் மருந்தை (சில இரத்த நோய்களுக்குத் தரப்படுவது) எடுப்பவர்கள் சிஜிஎம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். போலியாக உயர்ந்த எண் போலியாகத் தாழ்ந்ததைவிட ஆபத்தானது, ஏனென்றால் இல்லாத சர்க்கரைக்கு இன்சுலின் போட வைக்கும். எம்ஆர்ஐ, சிடி, எக்ஸ்ரே போன்ற சோதனைகளுக்குச் செல்லும்போது சென்சார் அணிந்திருப்பதை அங்கே முதலில் தெரிவியுங்கள். சில வகைகளைக் கழற்றிவிட வேண்டியிருக்கும். இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் உண்டாகும் கீட்டோனைக் கருவி அளப்பதில்லை என்பதையும் வகை ஒன்று சர்க்கரை நோய் உள்ளவர்கள் மறக்கக் கூடாது: அளவு 250க்கு மேல் நீடித்து வாந்தியோ வயிற்றுவலியோ இருந்தால் கீட்டோன் சோதனை தனியே வேண்டும்.

இரண்டு வாரத்துப் பதிவைப் படித்தல்

ஏறத்தாழ 14 நாள் பதிவும் அதில் 70 விழுக்காட்டு நேரத்துக்கு அளவீடும் இருந்தால் செயலி தொகுத்துத் தரும் அறிக்கையை நம்பிப் படிக்கலாம். 2019இல் வெளியான பன்னாட்டு ஒருமித்த பரிந்துரை, வகை ஒன்று, வகை இரண்டு உள்ள பெரும்பாலான பெரியவர்களுக்கு இப்படி இலக்கு வைக்கிறது: 70 முதல் 180 வரையிலான எல்லைக்குள் 70 விழுக்காட்டு நேரத்துக்கு மேல், 70க்குக் கீழே 4 விழுக்காட்டுக்கும் குறைவு, 54க்குக் கீழே ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு, 250க்கு மேல் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. முதியவர்களுக்கும் தாழ்சர்க்கரை ஆபத்து மிகுந்தவர்களுக்கும் எல்லைக்குள் 50 விழுக்காடு போதும், ஆனால் 70க்குக் கீழான நேரம் ஒரு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கர்ப்பிணிகளுக்கான எல்லை வேறு, வகை ஒன்று உள்ள கர்ப்பிணிகளுக்கு 63 முதல் 140 வரை. எல்லைக்குள் 70 விழுக்காடு என்பது, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனையான ஹெச்பிஏ1சி ஏறக்குறைய 7 விழுக்காடு இருப்பதற்கு ஒப்பானது. இந்த இலக்கிலிருந்து தொலைவில் இருப்பவர் மலைக்க வேண்டாம்: ஒரு நாளில் 5 விழுக்காடு என்பது 72 நிமிடம், அந்த அளவு முன்னேற்றமே உடலுக்கு நன்மை தரத்தக்கது என்று அதே பரிந்துரை சொல்கிறது.

அறிக்கையின் வரைபடத்தில் பதினான்கு நாள்களும் ஒரே நாளின் மேல் அடுக்கப்பட்டிருக்கும். நடுக்கோடு பெரும்பாலும் எங்கே இருக்கிறீர்கள் என்பதையும், அதைச் சுற்றியுள்ள பட்டையின் அகலம் நாளுக்கு நாள் எவ்வளவு மாறுகிறீர்கள் என்பதையும் காட்டும். முதலில் தாழ்வுகளைத் தேடுங்கள், உயர்வுகளை அதன் பிறகு. தாழ்வு எந்த நேரத்தில் திரும்பத் திரும்ப வருகிறதோ அதைச் சரிசெய்யாமல் உயர்வைக் குறைக்க முற்பட்டால் தாழ்வு இன்னும் ஆழமாகும். அடுத்து, பட்டை எங்கே மிக அகலமாக இருக்கிறதோ அந்த நேரத்தில் உங்கள் நாள் எப்படியெல்லாம் மாறுகிறது என்று பாருங்கள்: உண்ணும் நேரமா, மருந்தின் நேரமா, நடையா. நடுக்கோடு விடியலில் ஏதும் உண்ணாமலே ஏறினால், அந்நேரம் சுரக்கும் ஹார்மோன்கள் கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளிவிடச் செய்வதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யுங்கள். உணவுக்குப் பின் கால் மணி நேரம் நடக்கத் தொடங்கினால், வேறு எதையும் மாற்றாமல் மூன்று நான்கு நாள் கோட்டைக் கவனியுங்கள். என்ன உண்டீர்கள், எப்போது நடந்தீர்கள், உறக்கம் எப்படி இருந்தது என்று செயலியில் குறித்து வைக்காவிட்டால், இரண்டு வாரம் கழித்து அந்த மேடுகளுக்கும் பள்ளங்களுக்கும் காரணம் நினைவில் இருக்காது. கொழுப்பு மிகுந்த உணவின் ஏற்றம் பல மணி நேரம் கழித்து வரலாம். மாலையில் செய்த கடும் உடற்பயிற்சியின் இறக்கம் நள்ளிரவில் வரலாம்.

இன்சுலின் எடுக்காத, மாத்திரையிலோ உணவுக் கட்டுப்பாட்டிலோ இருப்பவர்கள் ஆண்டு முழுதும் அணிய வேண்டும் என்பதில்லை; அவ்வப்போது ஒரு சென்சார் அணிந்து பார்ப்பதே பலருக்கு நிறையக் கற்றுத்தரும். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்க ஒப்புதல் பெற்ற முதல் சிஜிஎம் இவர்களுக்கானதே. அதில் தாழ்சர்க்கரை எச்சரிக்கை இல்லை என்பதால் இன்சுலின் எடுப்பவர்கள் அதை நாடக் கூடாது.

குடும்பத்தாருடன் அளவுகளைப் பகிரும் வசதி, குழந்தைகளுக்கும் தனியே இருப்போருக்கும் உயிர் காக்கும் துணை. பகிர்வதற்கு முன் ஒரு பேச்சு அவசியம்: எந்த எண்ணுக்கு அழைப்பது, எத்தனை நிமிடம் பதில் வராவிட்டால் நேரில் வருவது, எதைப் பற்றிக் கேட்கவே கூடாது என்று இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். உணவுக்குப் பின் வந்த 190க்கு விளக்கம் கேட்கப்படும் வீட்டில் கருவி விரைவிலேயே கழற்றப்படும்.

சென்சாரின் ஆயுள் வகையைப் பொறுத்து 7 முதல் 15 நாள் வரை. தோலுக்கடியில் பதிக்கப்படும் வகை மாதக்கணக்கில் இருக்கும். கழற்றும்போது ஒட்டுப்பசையின் விளிம்பில் சிறிது எண்ணெய் தடவி ஊறவிட்டு, மெல்ல உரித்தால் தோல் பிய்யாது. இழை முழுமையாக வெளிவந்திருக்கிறதா என்று பாருங்கள். உடைந்து உள்ளே தங்கியிருந்தாலோ இடம் வீங்கிச் சீழ் கட்டினாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். சென்சாரைத் தோலில் செலுத்தப் பயன்படும் கருவிக்குள் ஊசி இருப்பதால் அதைக் கெட்டியான மூடிய டப்பாவில் போட்டு, ஊசிகளை அகற்றும் முறைப்படியே அகற்றுங்கள்.